ஏழாம் மேசையின் இதயம்

தோங்டீ தன் மச்சான் கம்பூனுக்குத் தர வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து எழுநூறு பாட். பவர் டில்லர் வாங்கவென்று அவன் கை நீட்டி வாங்கியது இருபதாயிரம். திருப்பித் தந்தது ஐந்நூறு, அப்புறம் இன்னொரு ஐந்நூறு, கடைசியாக ஒரு முந்நூறு. அந்த முந்நூறுக்குப் பிறகு எட்டு வருஷம் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு தோங்டீயே வந்தான். மருத்துவக் கல்லூரி வண்டியில், படுத்தபடி, கால் கட்டைவிரலில் அட்டையோடு.

வண்டியில் போய் அவனை எடுத்து வந்ததும் கம்பூன்தான். அவர் வேலை அது. உடல்கூறு கூடத்தில் இருபத்தாறு வருஷமாகத் தூக்குவதும் கழுவுவதும் துடைப்பதும் அவர் பாடு. தங்கை லம்யை வாசலில் நின்று கையெழுத்துப் போட்டாள். அவள் அழுதாளா என்று அவர் பார்க்கவில்லை. தலைப்பக்கம் அவர் பிடித்தார், கால்பக்கம் ஓட்டுநர். எதிர்பார்த்ததைவிடக் கனம் கம்மி.

உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றியதும் அவர்தான். தொடையில் ஒரு வெட்டு, ரத்தக்குழாயில் ஒரு குழாய், மேலே தொட்டி. தொட்டியை ஆறடி உயரத்தில் தூக்கி வைத்தால் போதும். உயிரோடு இருக்கையில் ரத்தம் ஓடின அதே வழிகளில் மருந்து இறங்கி விரல் நுனிவரைக்கும் போய்ச் சேரும். "இதயம் என்ன பெரிய அதிசயம்? உசரத்துல வச்ச தொட்டி" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கம்பூன் சொல்வது வழக்கம். தோங்டீயின் விரல் நுனிகள் உப்பி வரும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது தோன்றும் என்று நினைத்தார். ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானம் வழக்கம்போல் பசித்தது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம். ஒரு வருஷம் மருந்தில் ஊறினான், ஒரு வருஷம் ஏழாம் மேசையில் கிடந்தான். மாணவர்கள் அவனைப் "பெரிய ஆசான்" என்றார்கள். உடலைக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் அங்கே அதுதான் பெயர். கத்தியைத் தொடுமுன் கை கூப்புவார்கள், முடிந்ததும் கை கூப்புவார்கள். தலைமாட்டில் பெயரும் வயதும் எழுதிய பலகை. தோங்டீ, ஐம்பத்தெட்டு, விவசாயி. விவசாயி என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் கம்பூனுக்கு மூக்கு சுளிக்கும். வரப்பில் பாதி தூரம் நடந்துவிட்டுப் புளியமரத்தடியில் குந்திக்கொள்கிறவனெல்லாம் விவசாயியா? ஊரே நாற்று நடும்போது கூலிக்கு ஆள் வைத்துவிட்டு இவன் நிழலில் இருப்பான். அந்தக் கூலியில் கரைந்ததுதான் தன் இருபதாயிரம் என்பது கம்பூனின் கணக்கு. ஒரு கல்யாண வீட்டில், எல்லார் முன்னாலும், "மாப்ள, உன் நெஞ்சைப் பொளந்து பார்த்தாத்தான் தெரியும், உள்ள உழைக்கிற சாமான் ஏதாவது இருக்கான்னு" என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். தோங்டீயும் சிரித்தான், அந்தக் கரகரத்த தொண்டையோடு.

வருஷக் கடைசியில் எல்லா ஆசான்களுக்கும் சேர்த்து நடக்கும் எரியூட்டுக்கு எட்டு நாள் இருக்கும்போது லம்யை கூடத்து வாசலுக்கு வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம்.

"அண்ணே, சாப்டியா?"

"இனிமேத்தான். என்ன அது?"

"ஒட்டரிசிச் சோறு. சுட்ட மீன் ரெண்டு." பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "பணம் ரெடியா இருக்குண்ணே. அவர் செத்ததுக்கு ஊர் ஈமச் சங்கத்துல குடுத்தது. பதினெட்டாயிரத்து எழுநூறு தனியாக் கட்டி வச்சிருக்கேன். ரெண்டு வருஷமாத் தொடல."

"அப்பவே குடுத்திருக்கலாமே. என் கூரைத் தகரம் சல்லடையாக் கெடக்கு."

"எரிக்கிற அன்னைக்குத்தான் குடுக்கணும். அவர் முன்னாடி. கடனோட போனா அடுத்த பிறவியில உன் வீட்டு எருமையாப் பொறந்து உழைச்சுக் கழிப்பாரு."

"எருமையாப் பொறந்தாவது உழைக்கட்டும்."

லம்யை சிரிக்கவில்லை. இலையின் ஓரத்தை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு. எல்லாம் ஒண்ணு விடாம அவரோட போகணும். ஒரு உறுப்பு குறைஞ்சா அது இல்லாமப் பொறப்பாரு. வேற ஆளோடது போச்சுன்னா, வேற ஆள் வினையையும் சேத்துச் சுமப்பாரு. காசு போனாப் போகுது. இது போகக் கூடாது. அது உன் கையிலதான்ணே இருக்கு."

"இருபத்தாறு வருஷம். ஒருத்தர் நகம் இன்னொருத்தர் பொட்டிக்குப் போனதில்ல."

"தெரியும். அதனாலதான் அவர் இங்க எழுதிக் குடுத்தாரு. என்னை எரிக்கன்னு நீ கடன் வாங்காதே, உங்க அண்ணன் இருக்கிற எடம், பார்த்துக்குவாருன்னாரு."

கம்பூன் மீனின் முள்ளை எடுத்துத் தரையில் போட்டார். சோறு நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் சேர்க்கிற வேலை தொடங்கியது. வருஷக் கடைசியில் இதுதான் பெரிய வேலை. ஒவ்வொரு மேசைக்கும் கீழே ஒரு தொட்டி, அந்த மேசையில் எடுத்ததெல்லாம் அந்தத் தொட்டியில். நுரையீரல், ஈரல், குடல், தோலின் கீற்றுகள். அவற்றை உடலுக்குள் அதனதன் இடத்தில் திரும்ப வைத்து, வெள்ளைத் துணியில் சுற்ற வேண்டும். சுற்றித் தைப்பது சுனீ. கணவனை இழந்தவள், வாய்த் துடுக்கு.

"உங்க மாப்ளைக்கு ரெண்டு முழம் துணி மிச்சம் பிடிக்கலாம் போலிருக்கே அண்ணே. ஆள் அவ்வளவுதான்" என்றாள் ஏழாம் மேசையில் துணியை விரித்து.

"உக்காந்தே தேஞ்சவன்."

"செத்தவரை வையாதீங்க. என் ஊசி கோணிக்கும்."

பத்து மேசை சரியாக இருந்தது. மூன்றாம் மேசையிலும் ஏழாம் மேசையிலும் நெஞ்சுக்கூட்டில் மட்டும் குழி காலியாக இருந்தது. அது கம்பூனுக்குத் தெரிந்ததுதான். அந்த இரண்டு இதயத்தையும் பாடம் நடத்தும் டாக்டர் விபா அறுக்காமல் முழுசாகக் கேட்டு வாங்கி, மேலே ஓடும் குழாய்களைக் காட்டுவதற்கென்று ஒரே கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்திருந்தார். கம்பூன் ஜாடியை இறக்கி, மூடியைத் திருகி, கையை விட்டார். இரண்டிலும் அட்டை கட்டியிருந்தது. இரண்டு அட்டையும் வெள்ளையாக இருந்தன.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எழுத்து இல்லை. எழுத்து இருந்ததற்கான நீலக் கறைகூட இல்லை.

இருபத்து மூன்று வருஷம் அவர் முடிச்சுதான் போட்டுவந்தார். ஒன்றாம் மேசைக்கு நூலில் ஒரு முடிச்சு, ஏழாம் மேசைக்கு ஏழு. எழுத்துத் தெரியாதவர் கண்டுபிடித்த வழி. நூல் இற்றாலொழிய முடிச்சு அழியாது. ஞாயிற்றுக்கிழமை முதியோர் வகுப்புக்குப் போய் ஐம்பத்திரண்டாம் வயதில் எழுத்துக் கற்று, ஐந்தாம் வகுப்புச் சான்றிதழும் வாங்கிய பிறகுதான் அட்டைக்கு மாறினார். பெயரையே எழுதினார். ஒவ்வொரு எழுத்தையும் நாக்கைக் கடித்துக்கொண்டு, சட்டைப் பையில் குத்தியிருந்த நீலப் பேனாவால். மற்ற உறுப்புகள் அந்தந்தத் தொட்டியிலேயே கிடந்ததால் மருந்தில் பேனா மை கரைந்து அட்டை வெளுத்ததை யாரும் கவனிக்கவில்லை. ஜாடியில் மட்டும் இரண்டு பேர்.

"என்னண்ணே, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் சுனீ.

"ஒண்ணுமில்ல. நூலைக் கோத்து வை."

இரண்டையும் தட்டில் வைத்தார். ஒன்று சிறியது, கைமுட்டி அளவு, கெட்டியாக, அடக்கமாக. மற்றது பெரியது, பொதபொதவென்று, ஊதின பையைப்போல. மூன்றாம் மேசை ஆள் ரயில்வேயில் சிக்னல்காரர். எண்பத்தொரு வயது. நாற்பது வருஷம் இரும்பு நெம்புகோல் இழுத்தவர் என்று மகன் சொல்லியிருந்தான். கம்பூன் அதிக நேரம் யோசிக்கவில்லை. உழைத்த கை பெருக்கும், உழைக்காத கை மெலியும். இதயமும் சதைதானே. பெரியதை மூன்றாம் மேசைக்கு எடுத்து வைத்தார். சிறியதை ஏழாம் மேசைக்காரனின் நெஞ்சுக்குள் வைத்து, விலா எலும்புகளை மூடினார். சுனீ துணியின் ஓரத்தை மடித்துக் காலிலிருந்து தைக்கத் தொடங்கினாள்.

டாக்டர் விபா பதினொரு மணிக்குப் படிவத்தோடு வந்தார். மெலிந்த உடம்பு, நரைத்த கிராப்பு, யார் எது சொன்னாலும் முதலில் ம் என்பார்.

"ஜாடி காலியா?"

"வச்சாச்சு டாக்டரம்மா."

"அட்டையைக் குடுங்க, ஒட்டிக்கிறேன்."

கம்பூன் இரண்டு வெள்ளை அட்டையையும் நீட்டினார். டாக்டர் பார்த்தார்.

"பேனாவா?"

"ஆமாம்மா."

"பென்சில்னு நான் சொல்லலையா?"

"சொன்னீங்க. பேனாவுல எழுத்து நல்லா விழுதுன்னு…"

"ம். அப்புறம் எப்படித் தெரிஞ்சுது எது யாருதுன்னு?"

"உழைக்காத இதயம் சிறுசா இருக்கும்மா. ஏழாம் மேசை என் தங்கச்சி புருஷன். எனக்குத் தெரியாதா?"

சுனீயின் ஊசி நின்றது. டாக்டர் ம் என்று சொல்லவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு மூன்றாம் மேசைக்குப் போய், பெரிய இதயத்தை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தார். அதன் முதுகுப்பக்கத்தைத் திருப்பினார்.

"இங்க வாங்க. இதுல எது பெருத்திருக்கு?"

"மொத்தமும்."

"சரியாப் பாருங்க. இதயத்துல நாலு அறை. மேல ரெண்டு, கீழ ரெண்டு. மேல் அறை சும்மா வாங்கிக் கீழ விடற அறை. கீழ இடதுபக்கம் இருக்கே, அதுதான் உடம்பு முழுக்கத் தள்ளுறது. உழைச்சா, ரத்தக் கொதிப்பு இருந்தா, அந்தக் கீழ்ச் சுவர் தடிக்கும். இதுல கீழ்ச் சுவர் சாதாரணமாத்தான் இருக்கு. ஊதியிருக்கிறது மேல் இடது அறை. முதுகுப்பக்கம் பாருங்க, எலுமிச்சங்கா அளவு இருக்க வேண்டியது மாங்கா மாதிரி இருக்கு."

"அப்படின்னா?"

"தண்ணி இறங்குற மடை அடைச்சுக்கிட்டா எந்தப் பக்கம் தேங்கும்?"

"மேல."

"ம்." டாக்டர் கை கூப்பி, ஒரு நிமிஷம் கண்ணை மூடி, பிறகு கத்தியை எடுத்து ஊதிய அறையைத் திறந்தார். சுவர் தாளைப்போல மெலிந்திருந்தது. மூலையில் கறுத்த ரத்தக்கட்டி, புளி உருண்டையைப்போல ஒட்டிக்கிடந்தது. அடியில் கீழ் அறைக்கு இறங்கும் வாசல்.

"விரலை விடுங்க."

கம்பூன் ஆள்காட்டி விரலை வைத்தார். போகவில்லை.

"சுண்டு விரல்?"

நகம் மட்டும் நுழைந்தது. வாசல் சதையாக இல்லை. நத்தை ஓடு மாதிரி, சுண்ணாம்புக் கட்டி மாதிரி கடினமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் எத்தனையோ இதயத்தைத் தொட்டிருக்கிறார். அந்த வாசலில் இரண்டு விரல் சேர்ந்து தாராளமாகப் போகும். இரண்டு இதழ், கீழே பட்டத்துக்குக் கட்டின மாதிரி நூல்கள். இங்கே இரண்டு இதழும் ஒட்டி, மீன் வாய் திறந்த மாதிரி ஒரு கீறல் மட்டும் இருந்தது.

"சின்ன வயசுல தொண்டைப்புண்ணும் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து போயிருக்கும்" என்றார் டாக்டர். "அது இதயத்தைக் கடிச்சு வச்சுட்டுப் போயிடும். முப்பது நாப்பது வருஷம் கழிச்சு வாசல் சுருங்கும். உக்காந்திருந்தா ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. நாலு எட்டு வேகமா வச்சா, இதயம் வேகமா அடிக்கும். அடிப்புக்கு அடிப்பு இடைவெளி குறைஞ்சா, இந்த ஓட்டை வழியா ரத்தம் இறங்க நேரம் போதாது. திரும்பி நுரையீரல்ல தேங்கும். தண்ணியில முங்கின மாதிரி இருக்கும் அவருக்கு. ரெண்டு பேர்ல யாருக்கு மூச்சு வாங்கும்? படுத்தா முடியாம உக்காந்துக்கிட்டே தூங்கினது யாரு?"

கம்பூன் விரலைத் துணியில் துடைத்தார்.

"குரல் கரகரன்னு இருந்துச்சா? இந்த அறை ஊதினா, தொண்டைக்குப் போற நரம்பை அமுக்கும். கன்னம் கறுஞ்சிவப்பா இருக்கும், குடிச்ச மாதிரி. கடைசியில இந்தக் கட்டியில ஒரு துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போகும்."

தோங்டீ தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவான். கோழிக்கூட்டுக் காவல்காரன் என்று அவனுக்குப் பட்டப்பெயர். குரல் சாராயத்தால் போனது என்றார்கள். கன்னமும் சாராயத்தால் என்றார்கள். அவன் குடித்து யாரும் பார்த்ததில்லை என்பது கம்பூனுக்கு இப்போதுதான் உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வாய் கோணி விழுந்தான்.

"ஏழாம் மேசை" என்றார் கம்பூன்.

டாக்டர் ஏழாம் மேசையிலிருந்த சிறியதையும் எடுத்து ஒரு கீறு கீறினார். கத்தி மேல்குழாயில் முட்டை ஓட்டை உடைப்பதைப்போல நறநறத்தது. இடது கீழ்ச் சுவர் கட்டைவிரல் தடிமன் இருந்தது.

"வயசான குழாய். கொதிப்போட நெம்புகோல் இழுத்த சுவர். இதுதான் உங்க சிக்னல்காரர்."

டாக்டர் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகிறபோது திரும்பி, "முடிச்சே போட்டிருக்கலாம் நீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சுனீ தைத்ததைப் பிரித்தாள். முழங்கால்வரை தைத்திருந்தாள். பிரித்த நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்ப வையுங்கண்ணே."

கம்பூன் பெரிய இதயத்தை இரண்டு கையாலும் எடுத்தார். திறந்த பக்கம் தொங்கிப் போயிருந்தது. அதை நான்கு தையல் போட்டு மூடினார். நூலில் ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டினார். நெஞ்சுக்குழியில், கூர்முனை இடப்பக்கம் சாய்ந்திருக்கும்படி வைத்தார். பிறகு விலா எலும்பு, பிறகு தோல். இப்போதாவது ஏதாவது தோன்றும் என்று நினைத்தார். கை மரத்திருந்தது. மருந்தில் ஊறின கை எப்போதும் அப்படித்தான் இருக்கும். மரத்தது கையா, தானா என்று அவருக்குத் தெரியவில்லை.

எரியூட்டு நாளன்று கல்லூரிக்குப் பக்கத்து விகாரையில் பன்னிரண்டு வெள்ளைப் பெட்டி. மாணவர்கள் பெட்டிக்கொரு ஆசான் படத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வந்தார்கள். ஏழாம் எண்ணுக்குப் பின்னால் அந்த மேசையின் மாணவர்கள் ஆறு பேர். அதில் ஒரு பெண் மூக்கு சிவக்க அழுதாள். அவனோடு ஒரு வருஷம் இருந்தவள், அவன் பேசி ஒரு வார்த்தை கேட்காதவள். பிக்குகள் ஓதி முடித்தார்கள். சொந்தக்காரர்கள் சந்தனச் சீவலில் செய்த சந்தனப்பூவை ஒவ்வொன்றாக வைத்தார்கள். பெட்டியை உலைக்குள் தள்ளுவது கம்பூனும் இன்னும் இரண்டு பேரும்.

ஏழாவது பெட்டி வந்ததும் லம்யை முன்னால் வந்தாள். கறுப்புச் சட்டை, கையில் காகிதப் பொட்டலம், மேலே ரப்பர் வளையம்.

"எல்லாம் போகுதாண்ணே?"

"எல்லாம் போகுது. அவரோடதுதான். நான் பார்த்தேன்."

அவர் என்று சொன்னதை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. பொட்டலத்தை நீட்டினாள். கம்பூன் கை நீட்டவில்லை.

"லம்யை, அவருக்கு நெஞ்சுல அடைப்பு இருந்துச்சு. சோம்பேறித்தனம் இல்ல. வாசல் அவ்வளவுதான் இருந்துச்சு" என்று சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

"தெரியும்."

"டாக்டர் சொன்னாங்களா?"

"எந்த டாக்டர்? இருபத்தெட்டு வருஷம் அந்த நெஞ்சுல காதை வச்சவ நான். மத்தவங்களுக்கு லப்டப்புன்னு கேக்கும். அவருக்கு நடுவுல அரிசி மில்லு ஓடுற மாதிரி ஒரு உறுமல் கேக்கும். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா வர மாட்டாரு. உன் அண்ணன் கடனே தீரல, இன்னொரு செலவான்னுவாரு."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பியா? மாப்ள நல்லா நடிக்கிறான்னு கல்யாண வீட்டுல சொல்லிச் சிரிச்சிருப்பே." கோபமில்லாமல்தான் சொன்னாள். விலைவாசி சொல்கிற மாதிரி. "பிடிண்ணே. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

"வேண்டாம்."

"வேண்டாம்னா தீராது. ஒண்ணு வாங்கணும், இல்ல வாய்விட்டு விடணும். பேரும் தொகையும் சொல்லி, அவர் காதுபட. சும்மா மனசுக்குள்ள முணுமுணுத்தா கணக்காகாது."

கம்பூன் பெட்டியின் தலைமாட்டுக்குப் போனார். பின்னால் எட்டாம் பெட்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். உலைக்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அழுகை வரவில்லை.

"மாப்ள" என்றார். "தோங்டீ. நீ எனக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து எழுநூறு பாட். அதை விட்டுட்டேன். இந்தப் பிறவியிலும் வேண்டாம், அடுத்ததுலயும் வேண்டாம். எருமையாவும் வர வேண்டாம்."

லம்யை நகரவில்லை.

"நீ அவருக்குத் தர வேண்டியது?"

"உன்னைச் சோம்பேறின்னேன்" என்றார் கம்பூன் பெட்டியைப் பார்த்து. "எத்தனை தடவைன்னு கணக்கு வைக்கல. நீயும் விட்டுடு."

பெட்டியிலிருந்து என்ன பதில் வரும்? லம்யைதான் பொட்டலத்தைப் பைக்குள் போட்டு, சந்தனப்பூவை மூடியின்மேல் வைத்தாள்.

"விட்டுட்டாரு" என்றாள். "சரிண்ணே, உள்ளே அனுப்பு."